மருந்தை விடுங்க, குழாயைப் பாருங்க

மாடல் ராக்கெட்டுக்கு வீட்டுலயே கார்பன் ஃபைபர் குழாய் செய்ய முடியுமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முடியும், எப்படின்னு கடைசியில சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வரலாறு இருக்கு. ராக்கெட் வரலாறுன்னாலே நாம எரிபொருளைப் பத்தியும் நெருப்பைப் பத்தியும்தான் பேசுவோம். குழாயை யாரும் கண்டுக்கிறதில்லை. இன்னைக்கு அந்தக் குழாயோட பக்கத்துல நின்னு கதை சொல்லப் போறேன்.

தீபாவளிக்கு நாம விடுற ராக்கெட்டை எடுத்துக்கோங்க. காகிதம் சுத்தின குழாய், உள்ளே கருமருந்து, பக்கத்துல ஒரு குச்சி. பல நூற்றாண்டுகளா ராக்கெட்னா இதுதான். இதுல பிரச்சினை மருந்து கிடையாது. மருந்து எரியும்போது உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற வாயு வேகமா வெளியே பாயும், ராக்கெட்டும் அதிக தூரம் போகும். ஆனா காகிதம் ஓரளவுக்கு மேல தாங்காது, கிழிஞ்சுடும். அப்போ எல்லை போடுறது குழாய்தான்.

18-ஆம் நூற்றாண்டுல ஹைதர் அலி, திப்பு சுல்தானோட மைசூர் கொல்லர்கள் அந்த எல்லையைத்தான் உடைச்சாங்க. தேனிரும்பைத் தட்டி, சுமார் 20 செ.மீ. நீளத்துல குழாய் செஞ்சாங்க. மருந்து ஏறக்குறைய அதே கருமருந்துதான். கட்டினது மூங்கில், சில சமயம் வாள். தூரம் மட்டும் கிலோமீட்டர் கணக்குக்குப் போச்சு. 1780 செப்டம்பர் 10-ல காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூர்ல கர்னல் பெய்லியோட கம்பெனிப் படை அழிஞ்சதே, அங்க வெடிமருந்து வண்டிகள் வெடிச்சதுதான் திருப்புமுனை. ராக்கெட் பட்டு வெடிச்சதுன்னு ஒரு கட்சி, பீரங்கிக் குண்டுன்னு இன்னொரு கட்சி. எனக்கு அந்தச் சண்டையில பெரிய ஆர்வம் இல்லை. நம்ம ஊர் கொல்லர் ஒருத்தர் உலோகத் தகட்டை உருட்டி, மடிச்சு, தட்டி, அழுத்தம் தாங்குற ஒரு பாத்திரம் செஞ்சார் பாருங்க, அதுதான் எனக்குப் பெருசு. அவங்க பேரெல்லாம் எங்கயும் இல்லை. குழாய்கள் மட்டும் இருக்கு: 2018-ல கர்நாடகாவுல ஷிவமொக்கா மாவட்டம் நகராவுல ஒரு பாழுங்கிணத்தைத் தூர் வாரினப்போ ஆயிரத்துக்கும் மேல கிடைச்சுது.

1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கைப்பற்றின ராக்கெட்டுகள் இங்கிலாந்துல வூல்விச்சுக்குப் போச்சு. வில்லியம் காங்க்ரீவ் அந்த யோசனையை வளர்த்து இரும்புக் கூடு போட்ட ராக்கெட்டுகளைச் செஞ்சார். 1807-ல கோபன்ஹேகன் மேல அதைத்தான் பொழிஞ்சாங்க. அதுக்கப்புறம் நம்ம பக்கம் நீண்ட அமைதி.

நேரா 1963-க்குத் தாவலாம். பயிற்சிக்காக அமெரிக்கா போன அப்துல் கலாம், நாசாவோட வாலப்ஸ் தீவு மையத்துல ஒரு ஓவியத்தைப் பார்க்கிறார். ராக்கெட் விடுற திப்புவோட வீரர்கள்! இந்தியாவுல மறந்துபோன ஒண்ணை நாசா வரவேற்பறையில மாட்டி வெச்சிருந்தது தன்னை எப்படி பாதிச்சதுன்னு ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்துல எழுதியிருக்கார். அதே வருஷம் நவம்பர் 21-ல தும்பாவுல இருந்து முதல் ராக்கெட் கிளம்புச்சு. அது அமெரிக்காவோட நைக்-அப்பாச்சி. நாமளே செஞ்ச ஆர்ஹெச்-75 பறந்தது 1967 நவம்பர்ல. 75-ங்கிறது மில்லிமீட்டர்ல அதோட விட்டம். இன்னைக்கு ஹாபி ராக்கெட் செய்யுற பசங்க சாதாரணமா எடுக்கிற அளவுதான் அது. ஒரு நாட்டோட விண்வெளித் திட்டம் நம்ம கைக்கு அடங்குற ஒரு குழாய்ல ஆரம்பிச்சிருக்கு!

தும்பாவுல கலாமுக்குப் பிடிச்ச வேலையில ஒண்ணு இழை வலுவூட்டின பிளாஸ்டிக். நாம எஃப்ஆர்பின்னு சொல்றது. இழையைப் பிசின்ல நனைச்சு, சுழலுற அச்சு மேல நூல்கண்டு மாதிரி சுத்துறது. எந்தக் கோணத்துல சுத்துறோம்ங்கிறதுதான் இதுல சூட்சுமம். உள்ளழுத்தம் இருக்கிற குழாய்ல, சுத்தளவு திசையில வர்ற இழுவிசை, நீளவாக்குல வர்றதைப் போல ரெண்டு மடங்கு. அதனாலதான் குழாய் வெடிச்சா பெரும்பாலும் நீளவாக்குல பிளக்கும். இழையை அச்சுக்குச் சுமார் 55 டிகிரி சாய்ச்சுச் சுத்தினா, ரெண்டு திசைக்கும் தேவையான பலம் சரியா பங்காகும். இரும்புல இந்த வசதி கிடையாது. அது எல்லாத் திசையிலும் ஒரே பலம், ஒரே கனம்.

எஸ்எல்வி-3-யோட நாலாவது கட்டம் கலாம் குழுவோட பொறுப்பு. இதுல அதிகம் பேசப்படாத ஒரு கிளைக்கதை இருக்கு. பிரான்ஸ் அப்போ செஞ்சுட்டிருந்த தியாமாந் பிசி ராக்கெட்டுக்கும் இதே கட்டத்தைப் பொருத்தலாம்னு பேச்சு வந்துச்சு. அதுக்காக 250 கிலோ, 400 மி.மீ. விட்டத்துல இருந்த வடிவத்தை 600 கிலோ, 650 மி.மீ.னு பெருசாக்கினாங்க. ரெண்டு வருஷ உழைப்பு. முடியப்போற நேரத்துல பிரான்ஸ் அந்தத் திட்டத்தையே ரத்து பண்ணிடுச்சு. க்ளையன்ட் கடைசி வாரத்துல புராஜெக்டை நிறுத்தினா எப்படி இருக்கும்னு ஐடியில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனா வேலை வீணாகலை. 1981 ஜூன்ல ஏரியான் ராக்கெட்ல ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் போனப்போ, அதை இறுதிப் பாதைக்குத் தள்ளின மோட்டார் இந்தப் பரம்பரைதான்.

கார்பன் இழைக்கு வருவோம். 1958-ல அமெரிக்காவுல ரோஜர் பேகன், 1960-களோட தொடக்கத்துல ஜப்பான்ல அகியோ ஷிண்டோ, அப்புறம் இங்கிலாந்துல ஃபார்ன்பரோ ஆய்வகம்னு அது வளர்ந்துச்சு. அது வெறும் துணி இல்லை, ஏவுகணைப் பொருள். 1987-ல வந்த ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டுல இழை சுத்துற இயந்திரத்தையும் சேர்த்துப் பட்டியல் போட்டாங்க. இந்தியா அதுக்குள்ள உறுப்பினரா போனது 2016-ல தான். நடுவுல கிட்டத்தட்ட 30 வருஷம், பல சாமான்களை நாமளே செஞ்சாகணும். 1989 மே 22-ல பறந்த அக்னியோட கார்பன் வெப்பக் கவசம் அப்படி வந்ததுதான்.

அந்த ஆய்வகத்துக்கு ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில இருந்து ஒரு எலும்பு மருத்துவர் வந்து, கலவைப் பொருளைக் கையில தூக்கிப் பார்த்தார். தன்னோட வார்டுல குழந்தைங்க மூணு கிலோவுக்கு மேல கனமான உலோகக் கேலிப்பரை மாட்டிக்கிட்டு காலை இழுத்து நடக்குறாங்கன்னு சொன்னார். மூணே வாரத்துல 300 கிராம்ல கேலிப்பர் செஞ்சு குடுத்தாங்க. கலாம் மேடை மேடையா ராக்கெட்டை விட இதைச் சொல்லித்தான் சந்தோஷப்பட்டார். எனக்கும் இந்த எபிசோட்ல பிடிச்ச எண் அந்த 300 தான்.

2022 நவம்பர் 18-ல ஸ்கைரூட் கம்பெனியோட விக்ரம்-எஸ், முழுக்க கார்பன் கலவை உடம்போட, ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து 89.5 கி.மீ. உயரம் போச்சு. அதோட மோட்டார் பேரு கலாம்-80.

சரி, நம்ம குழாய். மரக்காணம் உப்பளக் கரையை மனசுல வெச்சுக்கிட்டு சொல்றேன். காரணம் இருக்கு. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மேற்கே பழவேற்காடு வழியா வர்ற பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே முடியுற இடம் மரக்காணம்தான். ஒரு காலத்துல உப்பு ஏத்தின படகு போன தண்ணி. ஈசிஆர்ல சென்னைப் பக்கம் கொஞ்சம் வந்தா, 2023 பிப்ரவரியில மாணவர்களோட சேர்ந்து ராக்கெட் விட்ட பட்டிப்புலம், 2024 ஆகஸ்ட்ல ரூமி-1 கிளம்பின திருவிடந்தை. இந்தக் கடற்கரைக்கு ராக்கெட் புதுசு இல்லை.

செய்முறை இதுதான். ஒரு அலுமினியக் குழாயை அச்சா எடுத்துக்கோங்க. மேல மெழுகு பூசி, வழுக்குற பிளாஸ்டிக் தாள் ஒரு சுத்து. அதுக்கு மேல கார்பன் துணி அல்லது உறை, எபாக்ஸி. வெளியே சூட்டுல சுருங்குற டேப்பை இறுக்கிச் சுத்தினா உபரி பிசின் பிதுங்கி வந்துடும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். வெட்டும்போது வர்ற தூசி நுரையீரலுக்கு ஆகாது. இறுகினதும் அச்சை உருவுறதுதான் எல்லாரும் மாட்டிக்கிற இடம். சூடா இறுக வெச்சு, அப்புறம் குளிர வைங்க. 75 மி.மீ. அலுமினியம் 60 டிகிரி குளிர்ந்தா விட்டத்துல சுமார் 0.1 மி.மீ. சுருங்கும். கார்பன் அவ்வளவா சுருங்காது. அந்த இடைவெளி போதும், வழுக்கிக்கிட்டு வந்துடும்.

உப்புக் காத்து ரெண்டு வேலை பண்ணும். ஒண்ணு, ஈரப்பதம். எபாக்ஸி இறுகும்போது மேல பிசுபிசுன்னு ஒரு படலம் வரலாம். அதைத் தண்ணியில கழுவித் தேய்க்காம அடுத்த அடுக்கு போட்டா ஒட்டாது. ரெண்டாவது இன்னும் மோசம்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத் திருகு, கார்பன் குழாய், நடுவுல உப்புத் தண்ணி, மூணும் சேர்ந்தா அது ஒரு பேட்டரி. அரிக்கிறது அலுமினியம். தொடுற இடத்துல கண்ணாடி இழை ஒரு அடுக்கு போட்டுட்டா பிரச்சினை இல்லை.

அதே காரணத்தால ஜிபிஎஸ், ரேடியோ எதையும் கார்பன் குழாய்க்குள்ள வைக்காதீங்க, சிக்னல் வெளியே வராது. மூக்குப் பகுதியைக் கண்ணாடி இழையில செய்யுங்க. மோட்டார், வெடிமருந்து பக்கம் நான் போகலை. அது அனுமதியும் பயிற்சியும் இருக்கிறவங்க வேலை, மைசூர் மாதிரி இரும்புக் குழாய் முயற்சி வேண்டவே வேண்டாம், வெடிச்சா சிதறும். 1954-ல அமெரிக்காவுல நெப்ராஸ்காவுல செருப்புக்கடை வெச்சிருந்த ஆர்வில் கார்லைல் முதல் மாடல் ராக்கெட்டைக் காகிதக் குழாய்லதான் செஞ்சார். அவரைப் பத்தி அடுத்த எபிசோட்ல பேசுவோம்.