தெளிந்த வட்டமும் லயத்துச் சிரங்கும்

மலையகத் தோட்டங்களில் பிள்ளைகளின் சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை, பற்றீரியாவைக் கொல்லும் மருத்துவமாகவே ஒரு சாரார் விளக்கி வருகின்றனர். இலையை மெதனோலில் ஊறவைத்துச் சாறெடுக்கிறார்கள். ஏகார்த் தட்டில் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா வளராத தெளிந்த வட்டம் விழுந்ததும் மரபறிவு மெய்ப்பிக்கப்பட்டது என்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து அம்மியில் தெளிப்பதோ தண்ணீர். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது.

இவர்கள் துணைக்கு அழைப்பது 1992இல் வெளிவந்த முன்னோட்ட ஆய்வு ஒன்றை. வேம்பும் மஞ்சளும் சேர்ந்த விழுதைப் பூசிய 814 சொறி நோயாளரில் 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாட்களுக்குள் குணமடைந்தனர் என்கிறது அது. ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது பழைய குறை. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. சொறி இரண்டு வாரத்தில் தானாக ஆறும் நோயன்று. என்னை உறுத்துவது வேறு. சொறிப்பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரங்கள் நீடிப்பதுண்டு. அப்படியானால் 3ஆம் நாளில் குணம் என்று எதைக் கணக்கிட்டனர்? புண் உலர்ந்ததையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால், அங்கே ஆராயப்பட்டது தோலைக் குடையும் பூச்சியால் வரும் நோய் என்பதில் ஐயமில்லை. ஏகார்த் தட்டில் அந்தப் பூச்சி இல்லை.

எனவே அவ்வாய்வை நான் மறுதலையாகவே வாசிக்கிறேன்: விழுது பூச்சியை அடக்கியது, சொறிவது குறைந்தது, நகம் கீறித் திறந்த வழிகள் மூடியதால் சீழும் வற்றியது. 2015இல் வெளியான பிஜித் தீவு ஆய்வு இதற்கு வலுவூட்டுகிறது. சொறிப்பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டினைக் கூட்டாக வழங்கிய ஊர்களில் ஓராண்டில் சொறி 32.1 சதவீதத்திலிருந்து 1.9 ஆகவும், சீழ்ச் சிரங்கு 24.6 சதவீதத்திலிருந்து 8.0 ஆகவும் இறங்கின. பற்றீரியாவைக் குறிவைத்து எம்மருந்தும் கூட்டாக வழங்கப்படவில்லை.

சீழ்பிடிக்கும் அட்டைக் கடியிலும் கவ்வாத்துக் கத்திக் காயத்திலும் பூச்சிக்கு இடமேது என்று கேட்கலாம். இடமில்லைதான், ஆனால் அவை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றி லயம் முழுவதும் பரவுவதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஒரே கம்பளிக்குள் பிள்ளைகள் படுக்கும்போது, ஒருவருக்கு மட்டும் பூசிக் கிடைக்கும் முடிவு எதையும் நிறுவாது. அம்மியில் தண்ணீர் விட்டு அரைத்த விழுதையே எடுத்து, தோலிலிருந்து சுரண்டிய உயிருள்ள பூச்சிகள் மீது முதலில் சோதிக்க வேண்டும். அதில் தேறினால், ஒரு லயத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே நாளில் பூசி, சொறிக்கான வழக்கமான மருந்தாகிய பெர்மெத்ரின் பூசிய இன்னொரு லயத்தோடு வைத்து ஒப்பிடலாம். அதுவரை சாறுகளின் பட்டியலை நீட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை.