பழி தீர்த்தாகிவிட்டது, அப்புறம்? – சீன வாள்வீரர் படங்களின் கதை

மூங்கில் உச்சியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். கையில் வாள். காற்றில் மூங்கில் வளைய, அவர்களும் கூடவே வளைகிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஆங் லீயின் 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' வெளிவந்தபோது இந்தக் காட்சியைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களும் உண்டு, "மனுசன் எங்கேயாவது பறப்பானா?" என்று சிரித்தவர்களும் உண்டு. சிரித்தவர்களுக்கு ஒரு செய்தி: இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பறத்தல் அல்ல. நடிகர்களைக் கம்பியில் கட்டித்தான் தொங்கவிட்டார்கள். கம்ப்யூட்டர் முக்கியமாகச் செய்த வேலை அந்தக் கம்பிகளைப் படத்திலிருந்து அழித்ததுதான். சினிமாவில் மட்டும் இந்தப் பறத்தலுக்கு 70 வருடப் பழக்கம் இருந்தது. கதைகளில் ஆயிரம் வருடத்துக்கும் மேல்.

அவர்கள் எப்படிப் பறக்கிறார்கள் என்பதைவிட, எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி.

இந்த வகைப் படங்களுக்குச் சீன மொழியில் 'வூசியா' என்று பெயர். 'வூ' என்றால் போர்க்கலை. 'சியா' என்பதை ஒரே சொல்லில் தமிழில் சொல்வது கஷ்டம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவன், எளியவனுக்காகச் சட்டத்தை மீறத் தயங்காதவன், அரசனுக்குக் கட்டுப்படாதவன் – இதெல்லாம் சேர்ந்தவன் 'சியா'. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கிலேயே சிமா சியான் என்ற வரலாற்றாசிரியர் தன்னுடைய பெரிய வரலாற்று நூலில் இவர்களுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அவருக்கும் முன்னால் வாழ்ந்த ஹான் ஃபெய் என்ற சட்டவாத அறிஞருக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. நாட்டைக் கெடுக்கிறவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்! ஒரு பக்கம் மரியாதை, மறுபக்கம் பயம். இந்த இரண்டு பார்வையும் படங்களில் கடைசிவரை ஓயவே இல்லை.

இவர்கள் வாழும் உலகத்துக்கு 'ஜியாங்ஹூ' என்று பெயர். நேர்ப்பொருள் 'ஆறுகளும் ஏரிகளும்'. அதாவது அரசாங்கத்தின் கை எட்டாத இடம். அங்கே நீதிமன்றம் கிடையாது, கடன்தான் உண்டு. குரு தகப்பனுக்குச் சமம். குருவைக் கொன்றவனைச் சீடன் கொல்ல வேண்டும். பிறகு செத்தவனுடைய மகன் வளர்ந்து வந்து அந்தச் சீடனைக் கொல்ல வேண்டும். இப்படியே போனால் எங்கே முடிவது? நல்ல வூசியா படங்கள் எல்லாமே இந்தக் கணக்கை எப்படி மூடுவது என்று தவிக்கிற படங்கள்தான்.

முதல் பெரிய அலை ஷாங்காயில் எழுந்தது. 1928-இல் மிங்சிங் கம்பெனி 'செந்தாமரைக் கோயில் எரிந்த கதை' என்று ஒரு படம் எடுத்தது. இயக்கியவர் ஜாங் ஷிசுவான். ஒரு தொடர்கதையை வைத்து எடுத்த இந்தப் படம் ஓடியது, ஓடியது, அப்படி ஓடியது! 1931-க்குள் 18 பாகங்கள் வந்துவிட்டன. (இன்றைய மெகா சீரியல்காரர்கள் கும்பிட வேண்டிய சாமி.) திரையில் வாள்கள் தாமாகப் பறந்து மோதிக்கொள்ளும்போது கொட்டகையே எழுந்து கூச்சல் போட்டதை எழுத்தாளர் மாவோ துன் சற்றே எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். சிறுவர்கள் சாமியாரிடம் வித்தை கற்கிறேன் என்று வீட்டை விட்டு மலைக்கு ஓடுவதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று கோமிந்தாங் அரசாங்கம் இந்த வகைப் படங்களுக்குத் தடை போட்டது. அந்த 18 பாகங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. எல்லாம் அழிந்துவிட்டன.

வாள் அதன் பிறகு ஹாங்காங்குக்கு இடம்பெயர்ந்தது. 1949 முதல் குவான் தக்-ஹிங் என்ற நடிகர் வோங் ஃபே-ஹங் என்ற நிஜ மருத்துவர்–குரு வேடத்திலேயே 70-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்துத் தள்ளினார். ஆனால் காதல், பழி, மீட்பு மூன்றும் சேர்ந்து கொதித்தது 1960-களில், ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோவில்.

ஷா சகோதரர்கள் முதலில் சிங்கப்பூர், மலாயாவில் தியேட்டர்கள் நடத்தியவர்கள். அங்கே அவர்கள் எடுத்த மலாய்ப் படங்களை இயக்க இந்தியாவிலிருந்து வந்தவர்களைத்தான் அதிகம் நம்பினார்கள். மலாய் சினிமாவின் சூப்பர் ஸ்டார் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனான 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். அந்தக் கம்பெனியின் ரன் ரன் ஷாதான் பிறகு ஹாங்காங்கில் கிளியர்வாட்டர் பே என்ற இடத்தில் மலையைச் செதுக்கி ஒரு சினிமா நகரத்தையே கட்டினார்.

அங்கே இரண்டு இயக்குநர்கள். இருவருக்கும் துளியும் ஒத்துப்போகாத இரண்டு பார்வைகள்.

ஒருவர் கிங் ஹூ. பீக்கிங் ஓபரா பார்த்து வளர்ந்தவர். 1966-இல் வந்த 'கம் டிரிங்க் வித் மீ' படத்துக்குச் செங் பெய்-பெய் என்ற இளம்பெண்ணை நாயகியாக்கினார். செங் பெய்-பெய் படித்தது பாலே நடனம். கிங் ஹூவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அவருக்குச் சண்டை என்பது அடிதடி அல்ல, தாளம். சத்திரத்தில் அந்தப் பெண் தனியாக ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்க, சுற்றி இருக்கிற ரவுடிகள் ஒவ்வொருவராக வம்புக்கு வரும் காட்சியைப் பாருங்கள். பாதி நேரம் யாரும் அசைவதே இல்லை. அசையும்போது கண் சிமிட்டினால் தப்பிவிடும்.

இன்னொருவர் சாங் சே. அவருக்குப் பெண் நாயகிகள் அலுத்துவிட்டார்கள். ஆண்கள், ரத்தம், திறந்த மார்பு, நின்றபடியே சாவு – இதுதான் அவர் உலகம். ஆனால் இதே மனிதர் 1967-இல் எடுத்த 'ஒன்-ஆர்ம்ட் ஸ்வோர்ட்ஸ்மேன்' படத்தின் அடிநாதம் ஒரு காதல் கதை. ஹாங்காங் தெருக்களில் கலவரமும் குண்டுவெடிப்புமாக இருந்த அந்த வருடத்தில், ஹாங்காங்கில் பத்து லட்சம் டாலர் வசூலித்த முதல் உள்ளூர்ப் படம் என்று பெயர் வாங்கியது இதுதான்.

கதை இப்படி. ஃபாங் காங் ஒரு வேலைக்காரனின் மகன். எஜமானனைக் காப்பாற்ற அப்பா உயிரை விடுகிறார். நன்றிக்கடனாக எஜமானர் பையனைச் சீடனாக எடுத்துக்கொள்கிறார். கூடப் படிக்கும் பணக்காரச் சீடர்களுக்கு அவன் கடைசிவரை வேலைக்காரன் மகன்தான். ஒரு பனி இரவில் குருவின் மகள், வாய்ச்சண்டை முற்றிய வேகத்தில், அவன் வலது கையையே வெட்டிவிடுகிறாள். ரத்தம் சொட்ட ஓடிப் பாலத்திலிருந்து விழுகிறவனைப் படகில் எடுத்துக் காப்பாற்றுகிறாள் சியாவ்மான் என்ற ஏழைப் பெண். அவளுடைய அப்பாவும் வாள்வீரர்தான், வாளால்தான் செத்தார். அதனால் வாள் என்றாலே அவளுக்கு வெறுப்பு. அப்படியிருந்தும் அப்பா விட்டுப்போன பாதி எரிந்த போர்க்கலைப் புத்தகத்தை அவளே எடுத்து அவனிடம் கொடுக்கிறாள். எரியாமல் மிஞ்சிய பக்கங்களில் இடது கை வித்தை இருக்கிறது!

எதிரிகள் குருவின் வாளை இடுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துவிட்டார்கள். அந்தப் பள்ளியின் சீடர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஃபாங் காங்கை மட்டும் அந்தக் கருவியால் பிடிக்க முடியவில்லை. ஏனென்றால் அவன் கையில் இருப்பது அப்பா விட்டுப்போன உடைந்த வாள், நீளம் குறைவு. கையும் பாதி, வாளும் பாதி, புத்தகமும் பாதி. அவனைக் காப்பாற்றியது எல்லாமே உடைந்த பொருள்கள். குருவைக் காப்பாற்றிக் கடனை அடைத்துவிட்டு, சியாவ்மானோடு விவசாயம் பார்க்கப் போகிறான். 'வாள் வேண்டாம், வயல் போதும்' என்ற அவள் கட்சி ஜெயிக்கிறது. இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பாகம் எடுத்து அவனை மறுபடி இழுத்து வந்தார்கள் என்பது வேறு விஷயம். வசூலுக்கு வயல் போதாதே...

கிங் ஹூ இதைவிட ஆழமாகப் போனார். ஷா பிரதர்ஸை விட்டுத் தைவானுக்குப் போய், பல வருட உழைப்பில் 'எ டச் ஆஃப் ஜென்' எடுத்தார். 1970, 71-இல் இரண்டு பாகமாக வெளிவந்தபோது ஓடவில்லை. 1975-இல் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு கிடைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதில் வரும் மூங்கில் காட்டுச் சண்டை திரையில் சில நிமிடங்கள். எடுக்க 25 நாள். ஆங் லீயின் மூங்கில்களுக்கு வேர் இங்கேதான்.

மூலக்கதை 17-ஆம் நூற்றாண்டில் பிறந்த பூ சோங்லிங் எழுதியது. படத்தில் கூ என்ற ஏழை ஓவியன், "எப்போதுடா கல்யாணம்?" என்று நச்சரிக்கும் அம்மாவோடு இருக்கிறான். பக்கத்தில் பாழடைந்த மாளிகையில் யாங் என்ற பெண். அவளுடைய அப்பாவை அரண்மனை அண்ணகர்களின் உளவுப்படை கொன்றுவிட்டது. இப்போது அவளைத் தேடுகிறது. முதல் சண்டை வரவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் தூங்கிவிடுவார்கள், அவர்களுக்குத்தான் நஷ்டம்.

கூவுக்கு வாள் பிடிக்கத் தெரியாது, ஆனால் போர்த்தந்திர நூல்கள் படித்தவன். மாளிகையில் பேய் இருப்பதாக வதந்தி பரப்பி, பொம்மைகளும் பொறிகளும் வைத்து, இருட்டில் ஒரு படையையே ஒழிக்கிறான். விடிந்ததும் தன் பொறிகளுக்கு நடுவே நடந்துபோய், "இந்தப் பொம்மைக்கா பயந்தார்கள்!" என்று வயிறு வலிக்கச் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே நடக்கிறான். பிறகு பிணங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, இரண்டு, பத்து... சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒரு வசனமும் கிடையாது. ஜெயித்தவனைப் பார்த்து எதிரியின் பிணம் பேசுகிற இப்படியொரு காட்சி நம்மூர்ப் பழிவாங்கும் படங்களில் எத்தனை உண்டு என்று யோசித்துப் பாருங்கள்.

யாங் அவனை விட்டுப் போய்விடுகிறாள். தேடிப்போகிறவன் கையில் கிடைப்பது ஒரு குழந்தை, அவர்களுடைய குழந்தை. அவள் துறவியாகிவிட்டாள். கடைசியில் அவளைக் காப்பாற்ற வரும் புத்தத் துறவியை எதிரி வஞ்சகமாகக் குத்துகிறான். காயத்திலிருந்து ரத்தத்துக்குப் பதில் பொன்னாக வழிகிறது. காதல் அவளை மீட்கவில்லை, பழியும் மீட்கவில்லை.

1978-இல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' வேறொரு வழி சொன்னது. இயக்கிய லாவ் கார்-லியுங் நிஜமான குங்ஃபூ பரம்பரை. அவருடைய அப்பாவின் குரு, வோங் ஃபே-ஹங்கின் நேர்ச் சீடர். (ஷாவோலின் என்றதும் போதிதருமர் பேச்சு வரும். அவர் அங்கே சண்டை கற்றுக்கொடுத்தார் என்ற கதைக்கு 17-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றுக்கு முன்னால் ஆதாரம் இல்லை என்பதே ஆய்வாளர்கள் முடிவு.) மஞ்சூ ஆட்சியிடம் குருவையும் குடும்பத்தையும் இழந்த மாணவன், பழிவாங்கத்தான் மடத்துக்குள் ஓடுகிறான். கையைத் தாழ்த்தினால் விலாவில் குத்தும்படி கத்திகளைக் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமக்கிறான். 35 பயிற்சிக் கூடங்களையும் முடித்தவனிடம், எந்தக் கூடத்துக்குத் தலைவனாக விருப்பம் என்று கேட்கிறார்கள். 36-ஆவது ஒன்று வேண்டும், அதில் மடத்துக்கு வெளியே உள்ள சாதாரண ஜனங்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்கிறான். படம் முடிவது வில்லனின் பிணத்தில் அல்ல, அந்த வகுப்பில்.

இனி ஆங் லீ. லீ மூ-பாயும் யூ ஷூ லியெனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் லீயின் உடன்பிறவாச் சகோதரன், செத்துப்போனான். செத்தவனுக்குச் செய்யும் மரியாதையில் உயிரோடிருக்கும் இருவரின் காலம் கழிகிறது. கூடவே லீயின் குருவைக் கொன்ற ஜேட் ஃபாக்ஸ் என்ற கிழவியைப் பழிவாங்கும் கடமை வேறு. ஜேட் ஃபாக்ஸாக நடித்தவர் யார் தெரியுமா? 1966-இல் சத்திரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அதே செங் பெய்-பெய்! (2024-இல் காலமானார்.) அந்தக் குரு தன்னைப் படுக்கைக்கு ஏற்றுக்கொண்டார், பெண் என்பதால் வித்தை மட்டும் சொல்லித்தரவில்லை என்பது அவளுடைய பக்கத்து நியாயம். திருடிய புத்தகத்தையும் அவளால் சரியாகப் படிக்க முடியவில்லை. வில்லிக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதுதான் இந்தப் படத்தின் பெரிய மனசு. பழி தீர்கிறது, லீயும் அவளுடைய விஷத்தில் சாகிறான். கடைசி மூச்சைத் தியானத்தில் செலவழித்தால் முக்தி. அதை ஷூ லியெனிடம் காதலைச் சொல்வதில் செலவழிக்கிறான். பல வருடம் தாமதமாக.

ஜாங் யிமோவின் 'ஹீரோ' (2002) அழகில் இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒரே கதையைச் சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை என்று நிறம் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஆனால் சின் அரசனைக் கொல்ல வந்தவன், நாடு ஒன்றாக வேண்டும் என்பதற்காகப் பழியை விட்டுவிட்டு, அந்த அரசனின் அம்புகளுக்கே இரையாகிறான். மன்னிப்பதும் அதிகாரத்துக்குத் தலை குனிவதும் ஒன்றா? அரசனுக்குக் கட்டுப்படாதவன்தானே 'சியா'! படம் வந்தபோதே பலர் இதைக் கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் போல வந்தது ஹூ சியாவ்-சியென் இயக்கி 2015-இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்த 'தி அசாசின்'. தாங் காலத்துப் பழங்கதை. பத்து வயதிலிருந்து கொலைக்கென்றே வளர்க்கப்பட்டவள் நியே யின்னியாங். மடியில் குழந்தையோடு இருந்தான் என்பதற்காக ஒருவனைக் கொல்லாமல் திரும்புகிறாள். அதற்குத் தண்டனையாக, ஒரு காலத்தில் தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாமன் மகனையே கொல்லச் சொல்லி அனுப்புகிறாள் குரு. திரைக்குப் பின்னால் நின்று அவனைப் பார்க்கிறாள், அவன் குடும்பத்தைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு குருவிடம் போய், முடியாது என்று சொல்லிவிடுகிறாள். குரு வாளெடுத்துப் பாய்கிறாள். சில நொடிச் சண்டை. குருவின் அங்கி கிழிகிறது, அவ்வளவுதான். யின்னியாங் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துபோய், கண்ணாடி மெருகேற்றிப் பிழைக்கும் ஒரு வெளியூர் இளைஞனோடு ஊரை விட்டே போய்விடுகிறாள்.