தாமிரபரணிப் படுகையின் கூட்டு வெள்ள மாதிரி

மழை, ஆற்றுப் பெருக்கு, கடல்மட்ட உயர்வு மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த ஊரில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று கணினியில் கணிப்பது கூட்டு வெள்ள மாதிரி. தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் மன்னார் வளைகுடாக் கரைக்கான கணக்கை அம்மாவட்டத்துக் குற்றாலத்திலேயே தொடங்கியாக வேண்டும். குற்றாலத்துப் பேரருவியாக விழும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்நீர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, ஏரல், ஆத்தூர் வழியே புன்னைக்காயலில் கடலை அடைகிறது.

மலையில் மழையை மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் அளக்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அன்றாட மழையளவு மட்டும் கொடுக்கப்பட்ட மாதிரியில் இப்படியொரு வெள்ளம் தென்படவே செய்யாது.

கடல் முனையில் கணக்கு வேறு. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். புயற்காற்று கரைநோக்கித் தள்ளும் நீர் அதைவிடப் பெரிது. கரையில் உடையும் அலைகளும் மட்டத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இத்தகைய கடற்பெருக்கே. முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் ஆறு வடிய இடமின்றிப் பின்வாங்கும்.

ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இப்பகுதியை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் புயல் ஏதும் காரணமில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பகுதிக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரியைவிட இது அதிகம். தண்டவாளத்தடி ஜல்லி அரித்துப்போனதால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கினர்.

அன்று பல குளங்கள் உடைந்தன. மாதிரி தடுமாறுவதும் இங்கேதான். இப்படுகையில் ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் நீரே அடுத்த குளத்துக்கு வரத்து. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ளவை வரிசையாகத் தாங்காமல் போகும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடங்களோ பெரும்பாலும் 30 மீட்டர் கட்டங்களாலானவை. சில மீட்டரே அகலமுள்ள குளக்கரை அவற்றில் மழுங்கிவிடும். கணினிக்கு அது வெறும் தரை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் பங்களிப்புடன் சென்னைக்கு உருவான சி-ஃப்ளோஸ் போன்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பை இங்கே கொண்டுவருவதானால், கடலை அளப்பதற்கு முன் ஒவ்வொரு குளத்தின் கரை உயரத்தையும் உபரிநீர் வழியும் கலிங்கின் மட்டத்தையும் தூர்ந்த ஆழத்தையும் நேரில் அளந்தாக வேண்டும்.