காரணத்தையும் எழுதும் அறிக்கை: ஜாவாஸ்கிரிப்ட் பண்ட்லரும் தானியங்கி பில்டு பதிவும்

நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைப் பண்ட்லர் ஒன்றிரண்டு கோப்புகளாகக் கட்டித் தருகிறது. கட்டி முடிந்த கோப்பில் மாட்யூல்களின் எல்லைகள் கரைந்து, பெயர்கள் சுருங்கிவிடுகின்றன. ஒரு வரி எந்த மூலக் கோப்புக்கு உரியது என்பதைச் சோர்ஸ் மேப் கொண்டு மீட்கலாம். அந்தக் கோப்பை உள்ளே அழைத்து வந்தது எது என்பதை மீட்க முடியாது. அதை அறிந்தது பண்ட்லர் மட்டுமே. ஆகவே பில்டு அறிக்கையைப் பண்ட்லருக்குள் இயங்கும் செருகுநிரலே எழுத வேண்டும், அளவோடு காரணத்தையும் எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. வெப்பேக் என்னும் பண்ட்லரில் 'டன்' என்னும் ஹூக்கில் பதிவு செய்துகொண்ட செருகுநிரலுக்கு, பில்டு முடிந்ததும் 'ஸ்டாட்ஸ்' கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு மாட்யூலின் அளவும், அதை இறக்குமதி செய்தவற்றின் பட்டியலான 'ரீசன்ஸ்' பகுதியும் உண்டு. ரோலப் என்னும் மற்றொரு பண்ட்லரின் 'ஜெனரேட்பண்டில்' ஹூக், எந்த எக்ஸ்போர்ட் எஞ்சியது, எது கழிக்கப்பட்டது என்பதையும் தருகிறது.

காரணம் ஏன் முக்கியம் என்பதற்கு மொமன்ட் நூலகம் நல்ல சான்று. தேதியை வடிவமைக்க அதை ஒரே வரியில் இறக்குமதி செய்கிறோம். மொழிக் கோப்பின் பெயரை இயங்கும் நேரத்தில் ஒட்டி அழைக்கும் 'ரிக்கொயர்' ஒன்று அந்நூலகத்துக்குள் இருக்கிறது. எந்தப் பெயர் வரும் என்று முன்கூட்டி அறிய முடியாத வெப்பேக், 'லொகேல்' அடைவில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளையும் சேர்த்துவிடுகிறது. ஆங்கிலம் மட்டுமே பேசும் தளமும் தமிழ் மாதப் பெயர்களைச் சுமக்கிறது. கோப்பு பெருத்தது என்று மட்டும் சொல்லும் அறிக்கை நம்மைத் தேட விடும். 'ரீசன்ஸ்' பகுதியோ நேரே மொமன்ட்டின் மையக் கோப்பைக் காட்டும். அதன்பின் 'இக்னோர் ப்ளகின்' கொண்டு அந்த அடைவை விலக்குவது சில வரி வேலை.

அறிக்கையின் வடிவமும் முக்கியம். மாட்யூல் அளவுகளைக் கட்டங்களாக விரித்துக் காட்டும் படம் ஒரு பில்டின் நிலையைத் தெளிவாகக் காட்டும். நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை அதில் கண்ணால் பிடிப்பது அரிது. அறிக்கை எளிய உரையாகி, நிரலோடு கிட் களஞ்சியத்தில் சேர்ந்தால், வேறுபாடு வரி வரியாகத் தெரியும். அதற்கு மாட்யூல்களைப் பெயர் வரிசைப்படி எழுத வேண்டும். நேரத்தையும் ஹாஷையும் விட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு பில்டும் மாறியதாகத் தோன்றி, மெய்யான மாற்றம் மறைந்துபோகும்.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. வெப்பேக் தரும் மாட்யூல் அளவு, நிரல் சுருக்கப்படுவதற்கு முந்தையது. ஆதலால் கூட்டுத்தொகை இறுதிக் கோப்பின் அளவோடு பொருந்தாது. ஜிசிப் முழுக் கோப்பையும் சேர்த்துச் சுருக்குவதால், அதில் ஒவ்வொரு மாட்யூலின் பங்கையும் துல்லியமாகப் பிரிக்க இயலாது. எனவே அளவு வரம்பை இறுதிக் கோப்பின் மீதும், விசாரணையை மாட்யூல் அளவின் மீதும் வைப்பதே முறை. வெப்பேக்கின் இயல்பான வரம்பான 2,50,000 பைட்டைக் கோப்பு தாண்டினால் எச்சரிக்கை மட்டும் வரும். தாண்டவைத்தது எது என்பதை அந்த எச்சரிக்கை சொல்லாது.

அறிக்கையைத் தனியே ஓட்டிப் பார்க்கும் வேலையாக விட்டால், அவசரம் மிகுந்த நாளில் அதுவே முதலில் விடுபடும். பில்டோடு சேர்ந்தே அது பிறந்தால், தேவையற்ற நூறு மொழிக் கோப்புகள் நுழையும் அன்றே நிரலைச் சரிபார்ப்பவர் கண்ணில் நூறு புதிய வரிகளாகப் படும்.