அண்ணாமலைநகரில் மாணவர் குரல்

பல்கலைக்கழக வரலாறுகளில் நிறுவனருக்கும் துணைவேந்தர்களுக்கும் கட்டடங்களுக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. அங்குப் பயின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு மட்டும் இடமில்லை. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரும் இதற்கு விலக்கன்று.

1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. தங்கிப் பயிலும் இடமாதலின் பல மாவட்டத்து மாணவர் ஒரே விடுதியில் கூடினர். வகுப்பறையில் பேச முடியாதவற்றை அங்கே பேசினர்.

1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட மாணவர்மீது காவல்துறை சுட்டது. சிவகங்கையைச் சேர்ந்த மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். இன்று அண்ணாமலைநகரில் அவருக்குச் சிலை உண்டு.

நிதி நெருக்கடியின் விளைவாக 2013இல் பல்கலைக்கழகம் அரசின் பொறுப்பில் வந்தது. ஆயினும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கட்டணம் ஐந்து இலட்சம் ரூபாயைத் தாண்டியே நின்றது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ சுமார் 13,600 ரூபாய்தான். அரசுக் கல்லூரியில் அரசுக் கட்டணம்தானே முறை என்று கேட்ட மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினர். விடுதிகளைக் காலி செய்யச் சொன்னபோதும் அவர்கள் கலையவில்லை. 2021 ஜனவரி இறுதியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது, கட்டணமும் குறைந்தது.

இரண்டும் மாணவர் கருத்தின் வரலாறுதான். உயிர் கொடுத்தவருக்குச் சிலை கிடைத்தது. விடுதி வாசலில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தவர்கள் மருத்துவர்களாகிப் பல ஊர்களுக்குப் பிரிந்துவிட்டனர். குறைந்த கட்டணத்தில் இன்று சேரும் மாணவருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. அவர்கள் நினைவு மங்குமுன் அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிந்து வைப்பது நம் கடமை.