கெராஃபிர்ம்: வெல்ல முடியாத டிராகன்

1999 மார்ச்சில் வெளியான எவர்க்வெஸ்ட் இணைய விளையாட்டில், வலிய எதிரியைத் தனியாளாகச் சாய்ப்பது சில பாத்திரங்களுக்கே கைகூடியது. அவற்றில் ஒன்றான ட்ரூயிட், மந்திரத்தால் எதிரியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் பிடியில் சிக்காமல் ஓடிக்கொண்டே சிறுகச் சிறுக உயிரைக் கரைப்பார். மற்றவர்கள் ஆறு பேர் கொண்ட குழுவாகப் போனார்கள்: அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், மற்றவர் தாக்க.

டிராகன்களுக்கு அதுவும் போதவில்லை; பல குழுக்கள் திரள வேண்டியிருந்தது. 2000 டிசம்பரில் வந்த கெராஃபிர்ம் என்ற டிராகன் யாராலும் கொல்ல முடியாதபடியே படைக்கப்பட்டது. நான்கு காவல் டிராகன்களையும் கொன்றால் அது விழிக்கும். ஒரு சர்வரில் ஒரே முறைதான். 2003 நவம்பரில் ரேலோஸ் ஸெக் சர்வரில் மூன்று கில்டுகளை (வீரர் சங்கங்களை) சேர்ந்த 180-க்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்து நின்றனர். மாண்டவர்களை மதகுருக்கள் எழுப்ப எழுப்ப, அவர்கள் மறுபடி பாய்ந்தனர். டிராகனின் உயிர் ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்தபோது விளையாட்டை நடத்திய நிறுவனம் அதை மறையச் செய்தது. பிறகு மன்னிப்புக் கேட்டு மறுவாய்ப்பு தந்தது. சுமார் 3 மணி நேரப் போரில் கெராஃபிர்ம் விழுந்தது. இத்தகைய கூட்டுப் பிடிவாதம் இணைய விளையாட்டில் அரிது.

பின்னர் இப்படித் திரள்வோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது: 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற மற்றோர் இணைய விளையாட்டு, பெரும்போர்களுக்கு 40 பேர் என வரம்பு கட்டியது. 2007-இல் வந்த புதிய களங்களில் அது 25, 10 எனச் சுருங்கியது.