ஓட்டல் பணியில் முன்முயற்சியும் ஈடுபாடும்

விருந்தினர் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே தேவையை உணர்ந்து, மேலாளரின் உத்தரவுக்குக் காத்திராமல் ஊழியர் தாமே செயல்படுவது ஓட்டல் துறையில் முன்முயற்சி எனப்படுகிறது. அப்படிச் செயல்படத் தூண்டும் மனப்பற்றே ஈடுபாடு. இரண்டையும் ஊழியரின் பிறவிக் குணமாகப் பார்ப்பது முதலாளிகளின் பழைய வழக்கம். நிர்வாகம் எவ்வளவு அதிகாரத்தைக் கீழே இறக்கித் தருகிறது என்பதைப் பொறுத்தே இவை வளரவோ வாடவோ செய்கின்றன என்பதைத் துறையின் வரலாறு காட்டுகிறது.

ஈடுபாடு பற்றிய ஆய்வுகளின் தொடக்கமாக, அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கான் 1990-இல் வெளியிட்ட கட்டுரை கருதப்படுகிறது. அவர் ஆராய்ந்தது ஓட்டலை அல்ல. ஒரு கோடைக்கால முகாமையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தையும். வேலைக்குப் பொருள் உண்டு என்ற உணர்வு, மனத்தில் பட்டதைச் சொன்னால் தனக்குக் கேடு வராது என்ற பாதுகாப்பு, உழைப்பதற்கான உடல்-மனத் தெம்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் மனிதர் தம்மை வேலையில் முழுமையாக இறக்குகிறார் என்றார். ஓட்டலுக்கு இவற்றுள் இரண்டாவதே மிக முக்கியம். ரிசப்ஷனில் நிற்பவரோ அறையைச் சுத்தம் செய்பவரோ விருந்தினருக்குப் பதில் சொல்லும் கணத்தில் அருகில் மேலாளர் இருப்பதில்லை. ஆலையில் பழுதான பொருளைச் சந்தைக்குப் போகுமுன் தடுத்துவிடலாம். சேவையோ உருவாகும் அந்த நொடியிலேயே நுகரப்பட்டுவிடுகிறது. மேரி ஜோ பிட்னர் முதலிய மூவர் 1990-இல் விமானம், ஓட்டல், உணவகம் ஆகியவற்றின் வாடிக்கையாளர்களிடமிருந்து ஏறத்தாழ 700 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தனர். தவறு நேர்ந்த இடத்தில்கூட ஊழியர் அதைச் சரிசெய்த விதத்தால் மனநிறைவு அடைந்தவர்கள் அவர்களில் இருந்தனர்.

ஊழியரே அந்த இடத்தில் முடிவெடுப்பதை நடைமுறை விதியாக மாற்றியதில் பெயர் பெற்றது ரிட்ஸ்-கார்ல்டன். 1983-இல் அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய இந்நிறுவனத்தை வளர்த்தவர்களுள் ஒருவர் ஹோர்ஸ்ட் ஷுல்ட்சே. ஜெர்மனியில் 14 வயதில் ஓட்டல் வேலை பழகச் சேர்ந்தவர். விருந்தினரின் குறையைத் தீர்க்க, யாரிடமும் அனுமதி கேளாமல் 2,000 டாலர் வரை செலவிடும் உரிமையை அங்கு ஒவ்வொரு ஊழியருக்கும் தந்தனர். அந்தத் தொகை முழுவதும் செலவாவது அரிது. 'உன் முடிவை நம்புகிறோம்' என்று ரூம் பாய்க்கும் சொல்லும் அறிவிப்பு அது என்பதே அதன் பயன். புகாரை முதலில் கேட்டவர் எந்தப் பிரிவினராக இருந்தாலும், தீரும்வரை அது அவர் பொறுப்பு. விருந்தினரின் விருப்பங்களைக் குறித்துக்கொள்ளச் சிறு குறிப்பேடுகளும், ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் கூடும் சிறு கூட்டமும் இந்த ஏற்பாட்டின் பகுதிகள். 1992-இல் அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தர விருதைப் பெற்ற முதல் ஓட்டல் நிறுவனமான இது, 1999-இல் மீண்டும் அதைப் பெற்றது.

இந்தியாவில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு, 1903-இல் திறக்கப்பட்ட மும்பை தாஜ் மஹால் ஓட்டல். 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் உள்ளே புகுந்தபோது, பின்வாசல்கள் தெரிந்த ஊழியர்களில் பலர் ஓடித் தப்பவில்லை. விருந்துக்கூடம் ஒன்றில் 24 வயது இளம் பொறுப்பாளர் கதவுகளைப் பூட்டி, விளக்குகளை அணைத்து, விருந்தினரைத் தரையில் படுக்கச் செய்து விடியும்வரை காத்தார். வெளியேற்றப்பட்ட தொலைபேசி ஊழியர்கள் திரும்பி வந்து, அறைகளில் இருந்தவர்களை அழைத்து வெளியே வரவேண்டாம் என எச்சரித்தனர். சமையற்கட்டு ஊழியர்கள் விருந்தினரைச் சூழ்ந்து அரணாக நின்றனர். அவர்களில் பலர் உயிரிழந்தனர். பொது மேலாளர் கரம்பீர் காங், தம் மனைவியும் இரு மகன்களும் அதே ஓட்டலில் இறந்த நிலையிலும் மீட்புப் பணியில் இருந்தார்.

அந்நேரத்துக்கென்று எந்தக் கையேடும் இருக்கவில்லை. இதை ஆராய்ந்த ரோகித் தேஷ்பாண்டே, அஞ்சலி ரெய்னா ஆகியோர் 2011-இல் எழுதிய கட்டுரை, காரணத்தை ஆள் எடுக்கும் முறையிலும் பயிற்சியிலும் தேடியது. தாஜ் பெருநகரங்களைவிடச் சிறு ஊர்களில் ஆட்களைத் தேடியது. மதிப்பெண்ணைவிடப் பெரியோரை மதிக்கும் பழக்கத்தையும் குடும்பத்தைத் தாங்க வேண்டிய தேவையையும் கவனித்தது. பிற ஓட்டல்களில் வழக்கமாக 12 மாதமான பயிற்சியை 18 மாதமாக நீட்டியது. நிறுவனத்துக்கும் விருந்தினருக்கும் முரண் வந்தால் விருந்தினர் பக்கம் நில் என்று கற்பித்தது. விருந்தினரும் சக ஊழியரும் சொல்லும் நல்ல வார்த்தைகள் புள்ளிகளாகச் சேரும் பாராட்டுத் திட்டம் ஒன்றும் 2001 முதல் இருந்தது. ஆனால் உயிர்த்தியாகத்தை அன்றாட ஊழியத்தின் அளவுகோலாக்குவது நியாயமாகாது. மேலாண்மை வகுப்புகளில் இந்நிகழ்வைப் பாடமாக்குவோர் இதைச் சில நேரம் மறந்துவிடுகின்றனர்.

ஈடுபாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையும் பரிவும் கூலிக்கு விற்கப்படும்போது அதற்கென்று தனிக் களைப்பு உண்டு என்று காட்டினார். ரிசப்ஷன் மேசைக்கும் அது அப்படியே பொருந்தும். ஹவுஸ்கீப்பிங் பிரிவில் சிக்கல் வேறு. ஒரு ஷிப்டில் இத்தனை அறைகள் முடித்தாக வேண்டும் என்ற கணக்கு நெருக்கும்போது, குழந்தையோடு வந்திருக்கும் விருந்தினருக்குக் கூடுதலாக ஒரு துண்டு வைக்க மனம் இருந்தாலும் நேரம் இருக்காது. கான் சொன்ன தெம்பு என்னும் மூன்றாம் நிபந்தனை இங்கேதான் உடைகிறது.

பணிநிலை குறித்த குறைகள் போராட்டமாகவும் வெடித்ததுண்டு. 2018-இல் அமெரிக்காவின் 8 நகரங்களில் ஏறத்தாழ 7,700 மாரியட் ஓட்டல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரே வேலையின் சம்பளத்தில் வாழ முடியவேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. அதோடு, புதிய இயந்திரங்களைப் புகுத்துமுன் தங்களிடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டனர். அன்றாடச் சுத்தம் வேண்டாம் என்று சொல்லும் விருந்தினருக்குச் சலுகை தரும் 'பசுமை' திட்டத்தையும் எதிர்த்தனர். அதனால் வேலைநேரமும் வருமானமும் குறைந்தன. பல நாள் கூட்டாத அறையைச் சுத்தம் செய்வதோ இன்னும் கடினமாயிற்று.